அந்த ரெண்டு கை எங்கே, மாஸ்டர்?

நேற்று மதியம் ஜிம்மில் 80 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்க முடியாமல் ராடைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் பாய்ந்து தப்பித்தேன். தரையில் ரெண்டு டைல்ஸ் உடைந்தது. சாயந்திரம் ஜிம் மாஸ்டரிடமிருந்து போன். அடி ஏதாவது பட்டதா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். "தம்பி, டைல்ஸுக்கு 1,500 ஆவும்" என்றார்.

அப்போது பற்றிய வயிறு இன்னும் அணையவில்லை. எழுதித் தீர்த்தால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

எனக்கு சிப்காட்டில் வேலை. ஏ ஷிஃப்ட் என்றால் காலை 6 மணியிலிருந்து மதியம் 2 வரை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து ஜிம் மாடிப்படி ஏறும்போது மணி நாலாகிவிடும். விடியற்காலைக் கூட்டம் போயிருக்கும், ஆறு மணிக்கு மேல் வருகிற காலேஜ் பசங்க வந்திருக்க மாட்டார்கள். கவுண்டரில் ஒரு பையன் மட்டும் ரெண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பான். நான் விழுந்து கிடந்தால் ராத்திரி பெருக்க வரும்போதுதான் அவனுக்குத் தெரியும். ஆக, ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் என்றாலே எனக்குத் தனியாகத்தான். அது ஷிஃப்ட்காரன் தலையெழுத்து. அதற்காக யாரையும் குறை சொல்ல வரவில்லை.

குறை வேறு. எங்கள் ஜிம்மில் இருப்பது ரெண்டு தூண் ரேக். தூண் நெடுக வரிசையாக ஓட்டை. மேலே ராடை மாட்ட ரெண்டு கொக்கி. அதற்குக் கீழே, தூணிலிருந்து உங்கள் பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய ரெண்டு இரும்புக் கை. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அந்த ரெண்டு கைக்கும் நடுவே நின்று உட்காருகிறீர்கள், எழ முடியவில்லை என்று வையுங்கள். இன்னும் ரெண்டு விரல் கீழே இறங்கினால் ராடு அந்தக் கைகள் மேல் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் குனிந்து வெளியே வந்துவிடலாம். கூட ஆள் இல்லாதவனுக்கு அந்த இரும்புதான் ஆள்.

எங்கள் ரேக்கில் தூண் இருக்கிறது, ஓட்டை இருக்கிறது, கொக்கி இருக்கிறது. கை இல்லை. சேர்ந்த முதல் வாரமே மாஸ்டரிடம் கேட்டேன். "கால்ல இடிக்குதுன்னு பசங்க கழட்டிட்டானுங்க தம்பி. யாரு யூஸ் பண்றா? ஒண்ணும் ஆவாது."

ஒண்ணும் ஆவாது! கடலூர்க்காரன் வாயில் வரலாமா இந்த வார்த்தை? வானம் பளிச்சென்று இருக்கும்போதே துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரை ஏறியதற்கு முந்தின ராத்திரி எங்கள் தெருவிலும் ஒருவர் ஒண்ணும் ஆவாது என்றுதான் போர்த்திக்கொண்டு படுத்தார். விடிந்து பார்த்தால் அவர் வீட்டுக் கூரை ஷீட்டு அடுத்த தெருவில் கிடந்தது.

வேலை செய்கிற இடத்தில் உயரத்தில் ஏறி ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட எனக்கு பர்மிட் வேண்டும். ஹெல்மெட், பெல்ட், கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள். எட்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு, கைக்காசைக் கொடுத்து இங்கே வந்து, கழுத்துக்குப் பின்னால் 80 கிலோவை வைத்துக்கொண்டு ஆண்டவன் விட்ட வழி என்று நிற்கிறேன். ஜிம்மில் காசு இல்லாமலா? போன மாதம்தான் சுவர் முழுக்கக் கண்ணாடி மாற்றினார்கள். கூரையில் நீலமும் சிவப்புமாக மாறி மாறி எரிகிற லைட்டு வேறு, ஏதோ கல்யாண ரிசப்ஷன் மாதிரி.

நேற்று நடந்தது இதுதான். ராடு 20 கிலோ. பக்கத்துக்கு 20 கிலோ பிளேட் ஒன்று, 10 கிலோ பிளேட் ஒன்று. மூன்றாவது செட், அஞ்சு ரெப் கணக்கு, அதாவது அஞ்சு முறை உட்கார்ந்து எழ வேண்டும். மூன்றாவது ரெப்பில் கரண்ட் போனது. ஃபேன் நின்ற சத்தமே தனியாகக் கேட்டது. பனியன் ஏற்கெனவே தொப்பல், ராடு முதுகில் ஒரு விரல்கடை வழுக்கியது. அங்கேயே நிறுத்தி மாட்டியிருக்க வேண்டும், அது என் தப்பு. தனியாகச் செய்கிறவன் இன்னும் ஒன்றிரண்டு வரும் என்று தெம்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். தெரியும். ஆனால் அஞ்சு என்று மனசுக்குள் சொல்லியாகிவிட்டதே!

நாலாவதில் இறங்கினேன். ஏறும்போது இடுப்பு மட்டும் மேலே வந்தது, நெஞ்சு வரவில்லை. உடம்பு முன்னால் சாயச் சாய ராடு கழுத்தைப் பார்த்து உருண்டு வந்தது. அப்படியே முன்னால் கவிழ்ந்தால் ராடு தலைக்கு மேலாகத்தான் போகும். எங்கிருந்தோ ஒரு பயம் வந்து நெஞ்சை நிமிர்த்தியது. கைப்பிடியை விட்டு, ராடைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் பாய்ந்தேன். பாய்ந்து ரேக் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் டமார் என்று ஒரு சத்தம். கழுத்து நரம்பு துடிப்பது காதில் கேட்டது.

கவுண்டர் பையன் ஒரு காதில் இருந்ததை மட்டும் கழற்றினான். "அண்ணா, கரண்ட் வந்துடுச்சா?"

ராடைப் பின்னால் தள்ளத் தெரிந்திருந்ததால் பிழைத்தேன். அதுகூட, எப்போதோ வெறும் ராடை வைத்து நாலைந்து முறை விட்டுப் பார்த்திருந்ததால்தான் நேற்று கை தானாக விட்டது. பின்னால் பெஞ்சோ, யாராவது ஓர் ஆளோ இருந்திருந்தால் அந்த வழியும் கிடையாது. தரைக்கு ரப்பர் மேட் போட்டிருந்தால் டைல்ஸும் தப்பித்திருக்கும். அதைப் பற்றி 1,500 கேட்டவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆள் இருக்கிற நேரத்தில் போயேன்" என்பீர்கள். போயிருக்கிறேன், லீவு நாளில், சாயந்திரம். சப்போர்ட் கொடுங்க என்று ஓர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ராடின் வலது நுனியை மட்டும் ரெண்டு கையால் பிடித்துத் தூக்கினார். வலது பக்கம் மேலே போக, மொத்தக் கனமும் என் இடது முட்டிக்கு வந்தது. அதோடு காதில் "இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!" என்று கத்தல் வேறு. சப்போர்ட் கொடுக்கிறவர் ஒருவர்தான் என்றால் பின்னால் ஒட்டி நின்று, அக்குளுக்குக் கீழே கையை விட்டு நெஞ்சோடு அணைத்து, கூடவே உட்கார்ந்து கூடவே எழ வேண்டும். நுனியைப் பிடிப்பதென்றால் ரெண்டு பேர், ரெண்டு பக்கமும், ஒரே நேரத்தில். எங்கள் ஊரில் பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடைத் தூக்குகிற பெஞ்ச் பிரஸ்ஸுக்குச் சப்போர்ட் கொடுக்க வரிசையில் நிற்பார்கள், ஸ்குவாட்டுக்குப் பின்னால் ஒட்டி நிற்கச் சொன்னால் வெட்கம்.

அப்புறம் இந்தப் பெல்ட் ஆசாமிகள். "பெல்ட் போட்டிருக்கேன், சேஃப்டி." பெல்ட், வயிற்றை இறுக்கித் தள்ள ஒரு பிடிமானம். கீழே மாட்டிக்கொண்டவனை அது தூக்கிவிடாது. இன்னொருத்தன், பிளேட் நழுவாமல் பிடிக்கிற லாக்கைப் போடாதே, முடியவில்லை என்றால் சாய்த்து பிளேட்டை உருவிவிடலாம் என்கிறான். அது பெஞ்சில் தனியாக மாட்டிக்கொண்டவனுக்குச் சொல்கிற யோசனை. ஸ்குவாட்டில் ஒரு பக்க பிளேட் உருவினால் மறுபக்கக் கனம் அந்தப் பக்கமே இழுத்துச் சாய்க்கும், இடுப்பு என்ன கதிக்கு ஆகும்? ரேக்கில் மாட்டிய ராடில்கூட ஒரு பக்கத்தை மொத்தமாகக் காலி பண்ணினால் மறுபக்கம் கனம் அதிகமாக இருந்தால் ராடு குப்புறக் கவிழும். மாற்றி மாற்றித்தான் உருவ வேண்டும். இதைக்கூட இங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எந்தப் புரோட்டீன் டப்பா வாங்கலாம் என்று மட்டும் சேர்ந்த அன்றே சொல்லிவிடுகிறார்கள்.

மாஸ்டரின் அடுத்த யோசனை, ஸ்மித் மெஷினில் பண்ணு. அதில் ராடு தண்டவாளத்தில் போகிற மாதிரி நேர்கோட்டில் ஏறி இறங்கும், மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். தப்பில்லை. ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் கொக்கி சரியாக விழவில்லை என்றால் அதுவும் கூடவேதான் இறங்கும். அதற்காகத்தான் அதிலும் கீழே ஒரு ஸ்டாப்பர் வைக்கிறான். இங்கே அதுவும் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

"கால்ல இடிக்குது" என்றதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இடித்தது என்றால் தப்பான ஓட்டையில் மாட்டியிருக்கிறீர்கள். வெறும் ராடோடு ஒருமுறை முழுசாக உட்கார்ந்து பாருங்கள், அந்த இடத்தில் ராடு எந்த ஓட்டைக்கு நேராக இருக்கிறதோ அதற்கு ஒரு ஓட்டை கீழே கையை மாட்டுங்கள். முடிந்தது. மேல் கொக்கி நெஞ்சு நடுவுக்கு இருந்தால் போதும். நம் பசங்க தோள் உயரத்துக்கு வைத்துவிட்டு, களைத்துப்போய்த் திரும்ப மாட்டும்போது குதிகாலைத் தூக்கி எம்புகிறார்கள். ஒரு பக்கம் கொக்கியில், மறுபக்கம் ஆகாசத்தில்.

வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஏங்க, அந்தக் கடப்பாரையத் தூக்கலன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காதா? எங்க தாத்தா வெறும் பஸ்கி போட்டே எண்பது வயசு இருந்தாரு" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

இன்றைக்கு நேரில் போனேன். 1,500 தருகிறேன், முதலில் அந்த ரெண்டு கையைக் காட்டுங்கள் என்றேன். மாஸ்டர் பையனை ஏவினார். பத்து நிமிஷம் கழித்து அவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். இத்தனை நாளும் பாத்ரூம் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்களாம். துரு ஏறி, ஒரு பக்கம் பினாயில் வாசனை. தினம் அதைத் தாண்டித்தான் நானும் உள்ளே போய் வந்திருக்கிறேன்.

"இன்னொண்ணு?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். கிடைத்ததை ரேக்கின் இடது தூணில் அவரே மாட்டி, தட்டிப் பார்த்து, திருப்தியாகத் திரும்பினார்.

"இப்போதைக்கு இந்த ஒரு கைய வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தம்பி. ஒண்ணும் ஆவாது."