அமெரிக்க ராணுவ அகாடமி ஆட்டக்காரர்களுக்குப் படைப்பணி கிடையாதா?

"வெஸ்ட் பாயிண்ட் (தரைப்படை அகாடமி), அனாபொலிஸ் (கடற்படை அகாடமி) அணிகளில் ஆடுபவர்கள் விளையாட்டு உதவித்தொகைக்காக வந்தவர்கள், படையில் சேரத் தேவையில்லை" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

அங்கே விளையாட்டு உதவித்தொகை என்று தனியாக எதுவுமே இல்லை. ஆட்டக்காரரோ இல்லையோ, எல்லோருக்கும் படிப்பு இலவசம். ஈடாகக் குறைந்தது 5 ஆண்டு முழுநேரப் படைப்பணி. பயிற்சியாளர்கள் ஆள் தேடிப் போவது உண்மைதான். ஆனால் தேர்வானவரும் பொதுவாக நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை, மருத்துவப் பரிசோதனை, உடற்தகுதித் தேர்வு என எல்லாவற்றையும் தாண்டித்தான் உள்ளே வர முடியும்.

1963-ல் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வென்ற கடற்படை அகாடமியின் ரோஜர் ஸ்டாபக், வியட்நாம் உட்படப் பணியை முடித்து 1969-ல்தான் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஆடினார். 1987-ல் என்பிஏ எனும் தொழில்முறை கூடைப்பந்து லீக்கின் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட, கடற்படை அகாடமியின் டேவிட் ராபின்சனும் 2 ஆண்டு கடற்படையில் இருந்துவிட்டே களமிறங்கினார். பிற்காலத்தில் சிலருக்குப் பணி தள்ளிவைக்கப்பட்டதுண்டு; அது ரத்து ஆகாது.

"பெரிய கல்லூரிகளோடு மோத முடியாதவர்கள்" என்பதும் பொய். தரைப்படை, கடற்படை, விமானப்படை அகாடமி அணிகள் மூன்றும் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் பிரிவில் ஆடுகின்றன. அதிகாரியாகச் சேர எடை வரம்பு உண்டென்பதால் இவர்களின் முன்வரிசை பெரும்பாலும் இலகுவானது. அதனால்தான் டிரிப்பிள் ஆப்ஷன் என்ற ஆட்ட உத்தி: எதிரணியின் ஓரிருவரைத் தடுக்காமல் விட்டு, அவர்கள் பாயும் திசையைப் பார்த்து, பந்தைச் சக வீரரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா, பக்கவாட்டில் வீசுவதா என்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் நொடியில் முடிவெடுப்பார். தரைப்படை அணி 2024-ல் டுலேன் பல்கலைக்கழகத்தை 35-14 என வீழ்த்தி, அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கின் பட்டத்தையே வென்றது.