நாற்று நட்டால் மட்டும் மணக்குடியில் மீன் பெருகாது

"கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் அலையாத்தி (உப்புநீர்ச் சதுப்பில் வளரும் மரம்) நாற்றுகளை நெருக்கமாக நட்டால் போதும், மடவை மீனும் இறாலும் தானே பெருகும்" என்று சொல்வது தவறு. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் பொழிமுகம் (காயல் கடலோடு சேரும் வாய்) வழியாகத்தான் காயலுக்குள் வரும். காயலில் சேரும் பழையாற்றில் நீர்வரத்து குறைந்து மணல்திட்டு பொழியை அடைத்தால் அந்த வழியே இல்லை. ஏற்றவற்றமும் (கடல்நீர் ஏறி இறங்குவது) நின்றுபோகும். தேங்கிய நீரில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையின் மூச்சுவேர்கள் (காற்றை இழுக்கச் சேற்றுக்கு மேலே நீட்டும் வேர்கள்) வாரக்கணக்கில் மூழ்கினால் வளர்ந்த மரமே பட்டுப்போகும், நாற்று எம்மாத்திரம்!

அதனால் பணத்தை முதலில் தூர்ந்த வாய்க்கால்களைத் தூர்வாரச் செலவிடுங்கள். பிறகு அளவுகோல் நட்டு, அமாவாசை முதல் பௌர்ணமி வரை நீர்மட்டத்தைக் குறியுங்கள். சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, பெரிய ஏற்றம் தொடும் கோட்டுக்குக் கீழே உள்ள சரிவில் மட்டும் நடுங்கள். அதற்கும் தாழ்ந்த சேற்றில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டி, பாரத்தில் நாற்று சாயும். சுரபுன்னை என்ற அலையாத்தி வகையின் விதைக்குச்சியை (மரத்திலேயே முளைத்த நீண்ட விதை) நட்டால், அதன் கூர்முனை கீழே, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள். அதற்கு மேல் அழுத்த வேண்டாம்.