தாளை யார் வாங்குகிறார்கள்?

புகையிலைப் பாக்கெட்டில் இருக்கும் எச்சரிக்கைப் படத்தைப் பார்த்து புகையிலையை விட்டுவிட நினைத்ததாக மாணவர்கள் கணக்கெடுப்புத் தாளில் எழுதிக் கொடுத்ததை வைத்தே படம் பலிக்கிறது என்று உங்கள் கட்டுரை முடிவு கட்டுகிறது. வடசென்னை வியாசர்பாடியில் பல வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வகுப்பு ஆசிரியரே தாளை வாங்கினால் எந்தப் பையன் உண்மையை எழுதுவான்?

2019 தேசியக் கணக்கெடுப்பில் 13-15 வயதில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துவதாக வந்தது. அது பள்ளியில் இருப்பவர்கள் மட்டும். படிப்பை விட்டுக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கப் போன பிள்ளைகள் அதில் இல்லை.

2016 முதல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை இருக்கிறது, நல்லதுதான். ஆனால் இங்கே பிள்ளைகள் வாங்குவது சில்லறையாக ஒரு சிகரெட், இல்லையென்றால் பிளாஸ்டிக் கவரில் மாவா என்கிற, பாக்கு கலந்த மெல்லும் புகையிலை. அதில் ஏதுங்க படம்? பாக்கெட்டையே கையில் வாங்கிப் பார்த்தாயா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.