800 அடி வீட்டுக்கு 1,200 அடி காசு

நேத்து பீரோ வந்து இறங்குச்சு. பெட்ரூம்ல கட்டில போட்டுட்டு பீரோவ நிறுத்துனா கதவு பாதிக்கு மேல திறக்கல, கட்டில்ல போய் இடிக்குது. வீட்டம்மா ஒரு பார்வ பாத்தா பாருங்க. "1,200 சதுர அடின்னு தானங்க சொன்னீங்க?"

சொன்னேன்தான், ஃப்ளாட்ட வித்த பில்டர் ப்ரோஷர்ல அப்படித்தான போட்டிருந்தான். கடுப்புல டேப்ப எடுத்து ரூம் ரூமா அளந்தேன், ஹால், கிச்சன், ரெண்டு பெட்ரூம், பாத்ரூம் எல்லாம் கூட்டுனா 770 தான் வருது. அப்புறம் அக்ரிமெண்ட்ட தேடி எடுத்து பாத்தா உள்ள ஏதோ ஒரு பக்கத்துல 'கார்பெட் ஏரியா 800'னு சாதுவா உக்காந்திருக்கு (கார்பெட் ஏரியான்னா வீட்டுக்குள்ள நாம புழங்குற இடம், ரேராங்கற ரியல் எஸ்டேட் சட்டத்து கணக்குல உள்சுவரோட கனமும் அதுல சேரும், அதான் அந்த 30). லோன் அவசரத்துல காட்டுன இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டவன் நான், அத யாரும் சொல்லிக்காட்ட வேணாம்.

சரி, மிச்சம் 400 அடி எங்கய்யா? வெளிச்சுவரு, பால்கனி கொஞ்சம், மத்ததெல்லாம் படிக்கட்டு, லிஃப்ட், காரிடார், லாபி, ஜெனரேட்டர் ரூம், அப்புறம் ரெண்டு ட்ரெட்மில்லும் ஒரு பூட்டும் இருக்குற கிளப் ஹவுஸ். இதுக்கு பேரு சூப்பர் பில்ட் அப்பாம், என்னத்த சூப்பரு. லாபில ஒரு சோஃபா போட்டிருக்கான், அது நிக்கிற இடத்துக்கும் நான்தான் காசு குடுத்திருக்கேன், போன வாரம் எங்கப்பா மூச்சு வாங்குதேன்னு அதுல உக்காந்தா செக்யூரிட்டி வந்து "ஐயா, இது விசிட்டர்ஸுக்கு"ங்கறான்.

படிக்கட்டும் லிஃப்ட்டும் வானத்துலேர்ந்தா வரும், அதுக்கு காசு வேணாமான்னு கேக்க வந்துடாதீங்க. வாங்கிக்கோ, யாரு வேணாம்னா. ஆனா ரேட்ட நேரா சொல்லு. சதுர அடி 6,000ன்னான், பரவால்லயேன்னு நானும் தலையாட்டுனேன். 1,200க்கு 72 லட்சம். அதே 72 லட்சத்த நான் புழங்குற 800ஆல வகுத்து பாருங்க, 9,000! 9,000ன்னு மொதல்லயே சொல்லிருந்தா அந்த ஆபீஸ்ல தண்ணி கூட குடிச்சிருக்க மாட்டேன்.

இதுல இன்னொரு தில்லாலங்கடி. "லோடிங் 33 பெர்சென்ட்தான் சார், மத்த எடத்துல எல்லாம் இன்னும் ஜாஸ்தி"ன்னு அந்த சேல்ஸ் தம்பி சிரிச்சுக்கிட்டே சொன்னான். 33 எப்படி வருது? 400அ 1,200ஆல வகுத்தா 33. ஆனா லோடிங்னா கார்பெட் மேல எவ்ளோ ஏத்துறாங்கன்றதுதான, 800 மேல 400 ஏத்துனா அது 50. பாதிக்கு பாதி ஏத்திட்டு மூணுல ஒரு பங்குன்னு சொல்ல எங்க கத்துக்குறாங்களோ.

2016லயே ரேரா சட்டம் வந்து கார்பெட் ஏரியான்னா என்னன்னு தெளிவா எழுதிட்டாங்க, அத மறைக்கவும் கூடாது. அதுக்கென்ன, பேப்பர்ல ஒரு மூலைல அத போட்டுட்டு பேரம் பேசுறது பூரா பழைய சூப்பர் கணக்குலதான். ஹாங்காங்ல 2013லேர்ந்து புது வீடு விக்கிறவன் வீட்டோட அளவுக்குத்தான் அடி ரேட் சொல்லணும், லாபி கீபி எல்லாம் அதுல சேக்க முடியாது. இங்க திறந்தவெளி பார்க்கிங் பொது இடம்னு அதே ரேரா சட்டத்துல இருந்தும் என்கிட்ட அதுக்கு தனியா 2 லட்சம் வாங்கிட்டான், ரசீதுல 'இதர வசதிகள்'னு இருக்கு.

மெயின்டனன்ஸ் வேற, அடிக்கு 4 ரூபா, எந்த அடின்னு நினைக்கிறீங்க? 1,200 தான். மாசம் 4,800. பீரோ இப்போதைக்கு ஹால்ல டிவிக்கு பக்கத்துல நிக்குது, அத காரிடார்ல வச்சுக்கலாமான்னு அசோசியேஷன்ல கேட்டேன், அது காமன் ஏரியா சார், கூடாதுன்னுட்டாங்க.