மைக்கைக் கீழே வைக்காத இரண்டு பேர்

நேற்று ராத்திரி 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்தை நான்காவது தடவையாகப் பார்த்தேன். 2011இல் வந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படம். யாரிடம் பேச்செடுத்தாலும், "கல்யாண கவுன் கடையில் எல்லாருக்கும் வயிறு கலக்குமே, அதுதானே?" என்கிறார்கள். அதேதான். ஆனால் அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு 'பெண்கள் நடித்த ஹேங்ஓவர்' (அது ஆண் நண்பர்கள் கும்மாளமடிக்கும் படம்) என்று முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

கதை சின்னதுதான். மில்வாக்கியில் இருக்கும் ஆனி, ஆசை ஆசையாக ஒரு கேக் கடை வைத்து, பொருளாதார மந்தத்தில் அதை மூடியவள். காதலனும் போய்விட்டான். இப்போது ஒரு நகைக் கடையில் வேண்டாவெறுப்பாக வேலை. சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த லிலியனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. மணப்பெண் தோழிகளில் ஆனிதான் தலைமைத் தோழி. நிச்சயதார்த்த விருந்துக்குப் போனால் அங்கே ஹெலன் நிற்கிறாள். மாப்பிள்ளையின் முதலாளி மனைவி. அழகு, பணம், பெரிய வீடு, எல்லாம் இருக்கிறது. லிலியனைத் தெரிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆனால் உயிர்த்தோழி மாதிரி பேசுகிறாள்.

அமெரிக்கக் கல்யாணத்தில் இந்தத் தோழிப் பதவி சும்மா இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி போடுகிற கவுனைப் பெரும்பாலும் அவரவர் காசில்தான் வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய விருந்து, தோழிகள் சேர்ந்து போகிற சுற்றுலா, அதற்கான விமான டிக்கெட் எல்லாம் இவர்கள் தலையில்தான். அன்புக்கு ஒரு பில் வருகிறது. ஆனியிடம் அந்தப் பில்லைக் கட்டக் காசில்லை. படத்தில் ஓடுவது பொறாமை என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அடியில் ஓடுவது பணம் என்றுதான் படுகிறது.

விமானக் காட்சியைப் பாருங்கள். லாஸ் வேகாஸ் போகிறார்கள். மற்றவர்கள் எல்லாம் முதல் வகுப்பில், ஆனி மட்டும் பின்னால் சாதா சீட்டில். ஹெலன் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றுதான் சொன்னாள். ஆனிக்கு ரோஷம், வேண்டாம் என்றாள். அப்புறம் விமானப் பயத்துக்கு ஹெலன் கொடுத்த மாத்திரையும் மதுவும் சேர்ந்து வேலை செய்ய, அவள் போட்ட கூத்தில் விமானத்தையே வயோமிங்கில் இறக்க வேண்டியதாகிறது. எல்லாரும் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். (ஆனி பக்கத்தில் பயந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் யார் தெரியுமா? ஆனியாக நடித்த கிறிஸ்டன் விக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆனி மமோலோ.)

சரி, அந்தக் கவுன் கடைக்கு வருவோம். அதற்கு முன்னால் சாப்பிட்ட பிரேசில் ஹோட்டல் ஆனி தேர்ந்தெடுத்தது, அவள் கைக்கு அடங்குகிற இடம். கடையோ, ஹெலன் செல்வாக்கில் உள்ளே நுழைந்த இடம். ஒவ்வொருத்தியாகக் கழிவறைக்கு ஓடுகிறார்கள். மணப்பெண் கவுனோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். எல்லாரும் இதைத்தான் சிரித்துச் சொல்வார்கள். நான் பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொன்றை. ஆனிக்கும் வயிறு கலக்குகிறது. முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. ஆனாலும் சாப்பாட்டில் குறை என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒன்றுமே ஆகாத ஹெலன், பசிக்கவில்லையா என்று இனிப்பு பூசிய ஒரு பாதாமை நீட்டுகிறாள். ஆனி அதை வாங்கி, வாயில் போட்டு, ஹெலன் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெல்லுகிறாள்.

அந்தப் பாதாமை நான் தின்றிருக்கிறேன். சில வருஷம் முன்னால், வேலை இல்லாமல் இருந்த மூன்று மாதம். ஸ்கூலில் இருந்து கூடவே இருந்தவளுக்குக் கல்யாணம். அவளுடைய ஆபீஸ் தோழி ஒருத்தி வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, "கிஃப்டுக்கு ஆளுக்கு 5,000, ஓகேதானே எல்லாருக்கும்?" என்று போட்டாள். எல்லாரையும் முந்திக்கொண்டு கட்டைவிரல் போட்டது நான்தான். போட்டுவிட்டு அக்காவுக்கு போன் செய்து கடன் கேட்டேன்.

நிச்சயதார்த்த விருந்தில் வரும் மைக் காட்சிதான் படத்தின் உச்சம் என்பேன். ஆனி நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு மைக்கைக் கொடுக்கிறாள். ஹெலன் அதைவிட உருக்கமாகப் பேசுகிறாள். ஆனி திரும்ப வாங்குகிறாள். ஹெலன் திரும்ப. கடைசியில் பாட்டுப் பாடுவதில் போய் நிற்கிறது. அது நீண்டுகொண்டே போகும், நமக்கே உடம்பு கூசும். இயக்குநர் பால் ஃபீக் வெட்டாமல் விட்டிருக்கிறார், நல்லவேளை.

கல்யாணத்துக்கு முந்தைய விருந்தை பாரிஸ் பாணியில் வைக்கலாம் என்று ஆனி சொன்ன யோசனையையே ஹெலன் எடுத்துக்கொண்டு பிரம்மாண்டமாக நடத்துவது அநியாயம்தான், மறுக்கவில்லை. விருந்துக்கு வந்தவர்களுக்குப் பரிசாக நாய்க்குட்டி தருகிறாள்! அதில் ஒன்பதை மெலிசா மெக்கார்த்தி நடித்த மெகன் என்ற இன்னொரு தோழி தூக்கிக்கொண்டு போவது தனிக் கதை. அந்த வேடத்துக்கு மெக்கார்த்திக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, திரைக்கதைக்கும் இன்னொன்று. ஆனால் ஹெலனையும் படம் வில்லியாக்கவில்லை. பின்னால் ஒரு காட்சியில் காருக்குள் உட்கார்ந்து அழுவாள். அவளுக்கு என்று ஒரு தோழி கிடையாது. பணத்தை இறைத்தால் யாராவது பக்கத்தில் நிற்பார்கள் என்று நம்புகிறவள்.

எனக்குப் பிடித்தது, ஆனி தன் சமையலறையில் ஒரே ஒரு கப் கேக் செய்வது. மேலே பூ வைத்து, நிதானமாக அலங்கரிக்கிறாள். கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறாள். அப்புறம் தானே தின்றுவிடுகிறாள். வசனமே இல்லை. கேக் கடையை இழந்தவளின் முழுக் கதையும் அந்த ஒரு கப் கேக்கில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஆனிக்கும் ஒரு ஐரிஷ் போலீஸ்காரருக்கும் வருகிற காதல் கொஞ்சம் ரெடிமேடாகப் படுகிறது. கல்யாணத்தை ஹெலனே கடைசியில் ஆடம்பரமாக நடத்தி, லிலியனுக்கும் ஆனிக்கும் பிடித்த பாடகிகளையே வரவழைத்துப் பாட வைக்கிறாள். எல்லாரும் சமாதானம். எனக்கும் கண் கலங்குகிறது, ஒவ்வொரு தடவையும். ஆனால் வேலையும் போய், இருந்த வீட்டையும் விட்டு அம்மா வீட்டுக்குத் திரும்பியவள், அந்தக் கல்யாணத்தில் போட்டிருக்கும் தோழி கவுனுக்கு எப்படிக் காசு கட்டினாள்? நான்கு தடவை பார்த்துவிட்டேன், எனக்கு இன்னும் அதுதான் கேள்வி.