என் லோயர் பெர்த்தைக் கேட்காதீர்கள்

ரயில் இன்னும் சென்னை சென்ட்ரலை விட்டு நகரவில்லை. பெட்டியைப் படுக்கைக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு இப்போதுதான் நிமிர்ந்தேன். அதற்குள் கேட்டுவிட்டான் ஒரு பிள்ளை: “ஆன்ட்டி, நீங்கள் மேலே படுத்துக்கொள்கிறீர்களா?”

முடியாது.

எனக்கு வயது 66. என் கணவருக்கு 71. டெல்லி போய்ச் சேர இரண்டு இரவுகள். அந்தப் பிள்ளைக்கு மிஞ்சிப் போனால் இருபத்தைந்து இருக்கும். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிற்கிறான். அப்பர் பெர்த் அவன் தோளுக்கு வருகிறது. அவன் என்னை ஏணியில் ஏறச் சொல்கிறான்!

இது முதல் தடவையாக இருந்திருந்தால் இப்படிக் கொதித்திருக்க மாட்டேன். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த எட்டு ஆண்டுகளில் புரி, துவாரகை, அமிர்தசரஸ், குவாஹாட்டி என்று நாங்கள் இருவரும் நாலா திசையும் போய் வந்துவிட்டோம். ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவருக்கு எங்கள் லோயர் பெர்த் மேல்தான் கண். சாமான்களை வைக்கக்கூட விடுவதில்லை.

அந்த இடம் என்ன வானத்திலிருந்து எங்கள் மடியில் விழுந்ததா? முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அந்த அறுபதாவது நாள் காலையில், காபி ஆறினால் ஆறட்டும் என்று எட்டு மணிக்குக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் எடுக்க வேண்டுமானால் தனியாளாகவோ இருவராகவோதான் ஒரு டிக்கெட்டில் வர வேண்டும். மூன்றாவது பெயர் சேர்ந்தால் ஒதுக்கீடு கிடையாது. அதனால் என் அக்கா கூட வரும்போது அவளுக்குத் தனி டிக்கெட். மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி ஒன்றுக்கு இந்த ஒதுக்கீட்டில் நான்கைந்து இடங்கள்தான் இருக்கும். 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள், கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதில் இரண்டைப் பிடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது.

அப்படிக் கிடைத்தவைதான் 17, 20. இருக்கை எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே வராவிட்டால் சைடு அப்பர். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. உங்கள் டிக்கெட்டில் 19 என்று வந்திருந்தால் உங்கள் இடம் அப்பர்தான் என்பது இரண்டு மாதங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். ரயில் ஏறிய பிறகு என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

எங்களுக்கு லோயர் எதற்கு என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குப் போயாக வேண்டும். எனக்கு இரண்டு முறை. ஆக ஓர் இரவுக்கு ஐந்து முறை, இரண்டு இரவுக்குப் பத்து முறை. ஓடுகிற ரயிலில், இருட்டில், கால் விரல் மட்டுமே பதியும் அந்தக் கம்பிப் படியில் இறங்கி ஏற வேண்டும். மிடில் பெர்த் மட்டும் என்ன சொர்க்கமா? எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். மூட்டு தேய்ந்தவள் நான் எந்தக் காலை முதலில் எடுத்து உள்ளே நுழைப்பேன்?

கேட்கிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் இன்னும் எரியும். ஒருவருக்கு மேலே ஏறினால் தலைசுற்றுமாம். விஜயவாடாவில் அதே ஆள் அப்பர் பெர்த்தில் காலை மடக்கி உட்கார்ந்து, தன் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை ஒரு குடும்பம் வந்தது. ஆறு பேர், ஆறு மூலையில் இடம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதற்காக நான் நான்கு பெட்டி தள்ளிப் போய் ஒரு சைடு அப்பரில் ஏறிக்கொள்ள வேண்டும். என் கணவர்? “அவர் இங்கேயே இருக்கட்டும் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் அந்த வீட்டுப் பெரியவர். திருமணமாகி நாற்பத்தோர் ஆண்டுகளாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்!

ஒருவர் மட்டும் வாய்விட்டே சொன்னார்: “சலுகை டிக்கெட்டில்தானே வருகிறீர்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன?” எந்தச் சலுகை ஐயா? 60 வயதான ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயதான பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. கொரோனாவுக்காக என்று நிறுத்தியது, கொரோனா போயும் திரும்பவில்லை. நீங்கள் கொடுத்த அதே முழுக் கட்டணத்தை நானும் என் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பகலில் உட்காருவதைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை கீழ் இருக்கை மூன்று பேருக்கும் பொது. தாராளமாக உட்காருங்கள், எங்கள் புளியோதரையில் ஒரு பிடி எடுத்துச் சாப்பிடுங்கள். ஆனால் பத்து மணிக்கு எழுந்திருங்கள். பத்தரை மணிக்கு என் தலையணை மேல் சாய்ந்துகொண்டு கிரிக்கெட் பார்க்கிறவரை எழுப்ப நான் எத்தனை முறைதான் இருமுவது?

என் கணவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. “பாவம், சின்னப் பையன், போனால் போகிறது விடு” என்பார். போன ஆண்டு அப்படித்தான் ஒருவன் வந்து முதுகு வலி என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தன் லோயரைக் கொடுத்துவிட்டு அப்பரில் ஏறிவிட்டார். ஏறும்போது அந்தப் பையனே பின்னாலிருந்து தாங்கித் தள்ளிவிட்டான். இரவு இரண்டு மணிக்கு இவர் கழிப்பறைக்கு இறங்கினார். திரும்பி வந்து படியில் கால் வைத்தால் மூட்டு பிடித்துக்கொண்டது. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கீழே அவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். எழுப்பு என்கிறேன், வேண்டாம் என்கிறார். கடைசியில் நான் முழங்காலை மடக்கிக்கொண்டு என் கால்மாட்டில் இடம் கொடுத்தேன். மேலே மிடில் பெர்த் போட்டிருந்ததால் நிமிர்ந்து உட்காரவும் முடியாமல், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். எனக்கும் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஆக்ராவில் அந்த முதுகு வலிக்காரன் தோளுக்கு ஒரு பையாக இரண்டு பைகளை மாட்டிக்கொண்டு, ரயில் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கிப் போனான். ஹரித்துவாரில் முதல் இரண்டு நாட்கள் நாங்கள் கங்கையைப் பார்த்ததைவிட விடுதி அறையின் கூரையைப் பார்த்ததுதான் அதிகம். இவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனி பதில் சொல்வது நான்தான் என்று.

இவர்கள் எல்லாருடைய மனத்திலும் இருப்பது ஒன்றுதான். இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது, நேர்காணல் இருக்கிறது, குழந்தை இருக்கிறது. நாங்கள் சும்மா ஊர் சுற்றுகிறவர்கள், எங்கு படுத்தால் என்ன, தூங்காவிட்டால் என்ன! “இந்த வயதில் எதற்கு அலைச்சல்” என்று சொந்த மகளே கேட்கிறாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் கோடை விடுமுறை முழுவதும் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். பிரம்மபுத்திராவைப் புவியியல் புத்தகத்துப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு நான் சாக வேண்டுமா? முட்டி முழுதாகப் போவதற்குள் பார்க்க வேண்டியவை இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. உங்களைவிட எங்களுக்குத்தான் அவசரம்.

விட்டுக்கொடுத்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். நெல்லூர் தாண்டி ஒரு முறை, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மிடில் பெர்த்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள். அவள் கேட்கவேயில்லை. நானே எழுந்து கொடுத்தேன், அப்போது எனக்கு 61, இன்னும் ஏற முடிந்தது. காலில் மாவுக்கட்டோடு வந்த ஒரு மாணவனுக்கும் கொடுத்திருக்கிறேன். உண்மையில் தேவைப்படுகிறவர்கள் ரயில் கிளம்புவதற்கு முன்பே வந்து வயதானவர்கள் தலைமாட்டில் நிற்பதில்லை.

இன்றைய ஒட்டகச்சிவிங்கிக்குச் சொல்லிவிட்டேன், “முடியாது தம்பி, மேலே ஏறிப் படு” என்று. முகம் சுருங்கியது. ஏணிகூடத் தேவைப்படவில்லை, ஒரே தாவலில் ஏறிவிட்டான்.

ஜனவரியில் புரிக்கு மறுபடியும் போகிறோம், அக்காவும் வருகிறாள். எங்கள் இருவருக்கும் கிடைத்திருப்பவை 41, 44. எட்டால் வகுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.