பன்னிரண்டு நிமிடத் தேக்கடி

வாய்ப்பாம்! துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு, செருப்புக்குள் சளக் சளக் என்று தண்ணீரோடு பேருந்துக்கு நிற்கும்போது போனில் செய்தி வருகிறது. ‘இடுக்கி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு, மஞ்சள் எச்சரிக்கை.’ அந்த ஓரிரு இடங்களும் நானும் என் வீட்டுக்காரரும்தான் சாமி. பெய்து முடித்துவிட்டது. இப்போது எதற்கு வாய்ப்பு?

கம்பத்தில் வாக்கப்பட்டு ஆறு வருடம். மலையேறினால் குமுளி, குமுளியைத் தாண்டினால் தேக்கடி. எங்கெங்கோ இருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் படகில் போய்ப் படம் எடுத்து அனுப்புவார்கள். நான் அவர்களுக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்து வழியனுப்புகிற ஆள். இந்தக் கல்யாண நாளுக்காவது கூட்டிப்போங்க என்று புரட்டாசியிலேயே சொல்லிவைத்தேன். காலை ஏழரைப் படகுக்குச் சீட்டுப் போடுங்க என்றும் சொன்னேன். ஐப்பசியில் அந்தப் பக்கம் துலாவர்ஷம். மத்தியானம் வரைக்கும் வெயில் சிரிக்கும், அதற்கப்புறம் இடி இறங்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் மூன்றரைப் படகுக்குப் போட்டார். ஏன்? “காலையில பனியா இருக்கும்.” பனி! பனிக்குப் பயந்த மகராசன்.

வண்டியை ஆனவச்சாலில் விடு, பேருந்தில் ஏறு, இறங்கி நட, வரிசையில் நில், சீட்டைக் காட்டு, மறுபடியும் சீட்டைக் காட்டு. இதற்குள் வானம் எங்கள் அடுப்படிச் சுவர் நிறத்துக்கு வந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட் கொடுத்தவரிடம், “அண்ணே, மழை வருமா?” என்றேன். “இப்போ மாறும் சேச்சி” என்றார். மலையாளத்தில் மழை மாறும் என்றால் விட்டுவிடும் என்று அர்த்தம். எனக்குத் தெரியும். ஆனால் மழைக்குத் தமிழ்தான் தெரியும்போல. மாறியது. தூறல் அடைமழையாக மாறியது.

அதற்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என் ஆறு வருடக் கனவு மொத்தமும் அதற்குள்தான் நடந்து முடிந்தது.

முதல் இரண்டு நிமிடம் லைஃப் ஜாக்கெட் பெல்ட்டோடு மல்லுக்கட்டினேன். யாரோ நேற்று வியர்த்த வியர்வை இன்னும் அதில் குடியிருந்தது. மூன்றாவது நிமிடம் இவர் பாடம் ஆரம்பித்தார். “தண்ணிக்குள்ள நிக்கிற கட்டையெல்லாம் பார்த்தியா? 1895ல முல்லைப் பெரியாறு அணை கட்டினப்ப முங்குன காடு.” சரி. ஐந்தாவது நிமிடம், ஒரு கட்டை மேல் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தது. பாவம், அதுவும் என்னைப்போல வானிலைச் செய்தி பார்க்காமல் வந்திருக்கும். ஏழாவது நிமிடம் முன்வரிசையில் ஒருவர் “யானை!” என்று கத்த, பாதிப் படகு எழுந்துவிட்டது. ஊழியர் உட்காரச் சொல்லி “இரிக்கு, இரிக்கு!” என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார். யானை இல்லை, பாறை. நான் அதையும் இரண்டு படம் எடுத்தேன். எட்டாவது நிமிடம் சாரல் பக்கவாட்டில் வந்தது. பத்தாவது நிமிடம் இடி. பதினோராவது நிமிடம் படகு திரும்பியது. ஆகா, நிஜ யானையைப் பார்த்துவிட்டார்கள், அங்கேதான் போகிறோம் என்று போனைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிடம் முன்னால் தெரிந்தது, ஏறிய அதே படகுத்துறை.

திருப்பியது தப்பென்று சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். இடியில் நடுத்தண்ணீரில் நிற்க எனக்கும் ஆசை இல்லை. ஆனால் அந்த வானத்தைப் பார்த்த பிறகும் எங்களை ஏற்றியது ஏன்? பணத்தைக் கேட்டால் ஜன்னலுக்குள் இருந்தவர், “போட் போயல்லோ” என்கிறார். போனது அண்ணே. போன வேகத்தில் வந்ததே, அதைத்தானே கேட்கிறேன்! அவர் அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் கூரைக்கு வெளியே நட்டநடு மழையில் நின்றுகொண்டு போனில் சிரிக்கிறார். “அப்பா, இங்க ஊத்துதுப்பா!” லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான். அந்தப் பக்கம் என் மாமனார், “ஊத்தட்டும்டா, எத்தனை மணியில இருந்து?” என்கிறார். மகனும் மருமகளும் நனைந்தார்களா என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

என் கஷ்டம் புரிகிறதா? தேக்கடி மழையை இந்த வீட்டில் திட்ட முடியாது. அங்கே பெய்வதுதான் அணையில் சேர்ந்து எங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் 14,707 ஏக்கர். அதில் எங்கள் மாமனாருடையது ரெண்டே ஏக்கர், ஆனால் கவலை மட்டும் மொத்த ஏக்கருக்கும். காலையில் பல் விளக்குவதற்கு முன் அணை எத்தனை அடி என்று பார்ப்பார். 142ஐ நெருங்கினால் வீட்டில் கேசரி. சாமி படத்துக்குப் பக்கத்தில் அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுவிக் மீசையோடு நிற்கிறார், அவருக்கும் மாலை உண்டு. அந்த வீட்டில் போய், பாழாய்ப்போன மழை என் படகைக் கெடுத்துவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்ல?

இறங்கும்போது மலைப்பாதையில் வண்டியை வேறு ஓரங்கட்டினார். கீழே மின்நிலையத்துக்கு இறங்குகிற நாலு ராட்சதக் குழாயைக் காட்டி, “நீ நனைஞ்ச தண்ணிதான் இதுல இறங்குது” என்றார், ஏதோ தங்க வளையல் வாங்கிக்கொடுத்த மாதிரி. லோயர் கேம்ப் வந்தால் ரோடு காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு இல்லை. டீக்கடையில் எல்லாரும் எங்களை ஆற்றில் விழுந்து எழுந்தவர்கள்போலப் பார்த்தார்கள்.

காலையில் கஷாயம் குடித்துக்கொண்டு இருக்கிறேன், மாமா வந்து, “அணை அரை அடி ஏறியிருக்கும்மா, எல்லாம் நீங்க போன ராசி. அடுத்த வாரமும் ஒரு எட்டுப் போயிட்டு வாங்களேன்” என்றார். தும்மலும் சிரிப்பும் சேர்ந்து வந்து கஷாயம் மூக்கில் ஏறிவிட்டது.

போகிறேன் மாமா. ஆனால் ஆடிக்கு வந்தபோது உங்கள் மகள் என் மூன்று மடிப்புக் குடையை, “ரெண்டு நாள்ல தந்துடறேன் அண்ணி” என்று எடுத்துக்கொண்டு போனாள் இல்லையா, முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.